எப்சிபா தாங்கிய கோயில்

ஆர்மீனியாவுக்குப் போன இரண்டாம் நாள் என் மனைவி எப்சிபா ஒரு கோயிலைத் தாங்க ஆரம்பித்தாள்.

அது மலைமேல் இருந்த பழைய கோயில். கீழே பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கில் ஓர் ஆறு. ஆறு ஓடியது, சத்தம் போடவில்லை. ஜெப நேரத்தில் அது பேசாது என்று வழிகாட்டி சொன்னாள்.

வழிகாட்டியின் பெயர் அனுஷ். நல்ல தமிழ் பேசினாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"நீங்கள் வருவதாகச் சொன்னார்கள்" என்றாள்.

எங்களைக் கூட்டிப் போனவர் பால்ஞானம் அண்ணாச்சி. வருஷாவருஷம் எருசலேமுக்கு ஆள் சேர்ப்பவர். இந்தத் தடவை, உலகத்திலேயே முதலில் கிறிஸ்தவ நாடான நாட்டை ஒரு வாரம் சுற்றிப் பார்ப்போம் என்று அறிவித்தார். பஸ்ஸில் இருந்த எல்லாருமே நாசரேத்துக்காரர்கள். திருச்செந்தூர் பக்கத்து நாசரேத்.

கோயிலுக்குள் மூன்று தூண்கள் இருந்தன. நான்காவது தூண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தரை.

"அந்தத் தூண் எப்ப விழுந்துச்சு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"விழவில்லை. இன்னும் வரவில்லை" என்றாள் அனுஷ். "கட்டும்போது மூன்றுதான் கிடைத்தன. நான்காவது வந்துவிடும் என்று மேலே குவிமாடத்தைக் கட்டிவிட்டார்கள்."

"இத்தன காலமும் எப்படி நிக்கி?"

"கௌரவத்தால்."

எப்சிபாவின் செருப்புக்குள் ஒரு கல் புகுந்திருந்தது. அதை எடுப்பதற்காகக் காலியாக இருந்த அந்த இடத்துக்குப் போய் ஒற்றைக்காலில் நின்றாள். மேலே மாடம் கொஞ்சம் இறங்கியது. நாள் முழுக்க நின்றவர் நாற்காலியில் உட்காரும்போது வரும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி.

"ஏங்க" என்றாள் எப்சிபா. "எம்மேல என்னமோ உக்காந்திருக்கு."

பார்த்தேன். மாடம் அவளுடைய இரண்டு தோள்களிலும் சரியாகப் பொருந்தியிருந்தது.

"கனமா இருக்கா?"

"கனந்தான். ஆனா முடியும்."

"அம்மையார் அசைய வேண்டாம்" என்றாள் அனுஷ். "தூக்கிய காலை மட்டும் கீழே வைத்துக்கொள்ளலாம்."

பாதிரியார் ஓடி வந்தார். அவர் பெயர் ஹாகோப். கறுப்பு அங்கி, நீளத் தாடி. கையில் இருந்த சிறு சுத்தியலால் எப்சிபாவின் முழங்கையைத் தட்டிவிட்டுக் காது வைத்துக் கேட்டார்.

"நல்ல கல்" என்றார். அனுஷ் மொழிபெயர்த்தாள். "எந்த ஊர்க் கல் என்று கேட்கிறார்."

"நாசரேத்" என்றாள் எப்சிபா.

பாதிரியார் முழங்காலில் விழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஐயா, அந்த நாசரேத் இல்ல. இது திருச்செந்தூர் பக்கம்" என்றேன்.

"தெரியும் என்கிறார்" என்றாள் அனுஷ்.

எப்சிபாவின் தோள்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அகலமானவை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். குண்டெறிதலில் அவள் ஜெயித்த கோப்பைகள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. எங்கள் கல்யாண போட்டோவில், தோள் தெரியக்கூடாது என்று என் சித்தி அவளை ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னாள். கோயில் பாடகர் குழுவில் எப்போதும் கடைசி வரிசை. முன்னால் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குப் பாதிரியார் தெரியமாட்டாராம். அவள் எதற்கும் மறுத்துப் பேசியதில்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

இப்போது சேலை நழுவிக் கிடந்தது. அவளால் கையைத் தூக்கி இழுத்துவிட முடியாது. நான் இழுத்துவிடப் போனேன்.

"வேண்டாங்க. அப்படியே கெடக்கட்டும்" என்றாள்.

பஸ் காத்திருக்காது என்று அண்ணாச்சி சொன்னார். மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள். நான் எப்சிபாவோடு இருந்துகொண்டேன். பஸ் மலையிறங்கி ஏரியைப் பார்க்கப் போனது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமாக ஏறிக் கோயில் வாசலிலேயே வந்து நின்றது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

"ரோடு எல்லாம் இங்கதான் வருது" என்றார் அண்ணாச்சி, பஸ்ஸிலிருந்து இறங்கியபடி. "டிரைவரு ரோட்டைக் குறை சொல்லுதாரு. ரோடு அவரைக் குறை சொல்லுது."

"தூண் வந்த செய்தி பரவிவிட்டது" என்றாள் அனுஷ். "இனி நாம் எங்கும் போக வேண்டாம். எல்லாம் இங்கே வரும்."

வந்தன.

முதலில் எழுத்துகள் வந்தன. அந்த நாட்டு எழுத்துகள் கல்லில் வெட்டப்பட்டவை. ஆகவே மெதுவாக நடந்தன. ஒவ்வொன்றும் எப்சிபா முன்னால் நின்று தன் பெயரைச் சொல்லித் தலைவணங்கியது. எங்களோடு வந்த லில்லி அக்கா, உங்களில் ழ இருக்கிறதா என்று கேட்டாள். கூட்டத்திலிருந்து ஓர் எழுத்து முன்னால் வந்தது. முயன்றது. தோற்றது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வரிசைக்குத் திரும்பியது.

"நம்மகிட்ட இருக்கு" என்றாள் எப்சிபா. மாடத்தைத் தாங்கியபடி ஒருமுறை சொல்லியும் காட்டினாள். எழுத்துகள் கைதட்டின. கல் சத்தம்.

மறுநாள் ஏரி வந்தது. படியேறி வந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. நாங்கள் எல்லாரும் கால் நனைத்தோம். எப்சிபாவால் வாசலுக்குப் போக முடியாது என்பதால், ஏரி ஒரு அலையை மட்டும் உள்ளே அனுப்பி அவள் பாதத்தைத் தொட்டுவிட்டு வரச் சொன்னது.

அந்த நாட்டின் பெரிய மலை பக்கத்து நாட்டில் இருக்கிறது. தெரிவது மட்டும் இந்த நாட்டில். அதுவும் ஒரு நாள் பகலில் கிட்டே வந்து சன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. தலையில் பனி. உள்ளே ஒரே குளிர்.

"பாத்தாச்சுன்னா சன்னலைச் சாத்தச் சொல்லுங்க" என்றாள் எப்சிபா.

மலை தானே சாத்திவிட்டுப் போனது.

பிறகு ஊர்க்காரர்கள் வந்தார்கள். போர்வை அகலத்துக்கு மெல்லிய ரொட்டி கொண்டுவந்தார்கள். அதில் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்துச் சுருட்டி எப்சிபாவுக்கு நான் ஊட்டினேன். ஒரு பெண் அனுஷிடம் ஏதோ கேட்டாள்.

"முன்னொரு காலத்தில் எங்கள் வணிகர்கள் உங்கள் ஊர்ப்பக்கம் வந்தார்களாமே, அவர்களை நினைவிருக்கிறதா என்கிறார்."

"மெட்ராஸ்ல அவங்க பேர்ல தெருவே இருக்கே" என்றேன். "ஆர்மீனியன் தெரு. ஆனா நம்ம ஆளுக வாயில அது நுழையல. அரண்மனைக்காரத் தெருன்னு ஆக்கிட்டாங்க."

அனுஷ் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு ஊரே ஒருவரை ஒருவர் பார்த்து "அரண்மனைக்காரர்" என்று சொல்லிக்கொண்டது. ஆண்கள் சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள். அந்தப் பெண் எப்சிபாவின் கன்னத்தில் முத்தமிட்டு, "நீங்கள் எங்கள் பேரையும் தாங்கியிருக்கிறீர்கள்" என்றாள்.

எங்கள் மகள் சூசன் போன் செய்தாள். அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். போனை எப்சிபாவின் காதில் வைத்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"ஒரு கோயிலப் பிடிச்சிட்டு நிக்கேன்."

"விட்டுட்டு வாம்மா."

"விட்டா விழுந்துரும்ட்டி. ரொம்பப் பழைய கோயிலு."

சூசனின் குரல் மாறியது.

"அப்ப பிடிச்சுக்கோ. என்னைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

எப்சிபா அழுதாள். மாடம் லேசாகக் குலுங்கியது. உடனே அழுகையை நிறுத்திக்கொண்டாள்.

கடைசி நாள் வந்தது. மாலையில் விமானம். எப்சிபாவுக்குப் பதிலாக நிற்க ஆள் தேடினார்கள். அந்த நாட்டில் மல்யுத்த வீரர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் வந்து எப்சிபா பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்தார். மாடம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் நின்றேன். மாடத்தின் ஓரம் இறங்கி என் வழுக்கையைத் தொட்டுவிட்டு மேலே போய்விட்டது.

"நன்றி சொல்கிறது" என்றாள் அனுஷ்.

எப்சிபா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஏங்க, நான் இங்கயே இருந்துரட்டுமா? என்னைய நம்பி யாரும் ஒரு ஓட்டுக்கூரையைக்கூட விட்டதில்ல. இது பெரிய கோயிலு."

சூசன் முகம் ஞாபகம் வந்தது. ஆனால் எப்சிபா நின்ற நிற்பைப் பார்த்தேன். அப்படி ஒரு நிற்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"நீ இருந்தா நானும் இருக்கேன்."

"நீங்க என்னத்தத் தாங்குவீங்க?"

"உன் பையை."

அவள் சிரித்தாள். பிறகு மற்ற மூன்று தூண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை.

"வந்ததுலருந்து பாக்கேன். இந்த மூணு பேரும் ஒழுங்கா நிக்கல. ஒருத்தன் சுவத்துல சாயுதான். ஒருத்தன் முட்டிய மடக்கி வச்சிருக்கான். அந்தா இருக்கவன் தூங்கவே செய்யுதான். பையில விசில் இருக்கு, எடுத்து வாயில வைங்க."

வைத்தேன். ஊதினாள். கோயில் புறாக்கள் மொத்தமும் வெளியே பறந்தன.

"அட்டென்ஷன்! நாடிய உள்ள இழு! நெஞ்ச நிமித்து! ஏலே, மூலையில நிக்கவன், உன்னத்தான் சொல்லுதேன்!"

பாதிரியார் ஹாகோப் தாடியைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தூண்களை இதுவரை யாரும் ஒருமையில் அழைத்ததில்லையாம்.

தூண்கள் நிமிர்ந்தன. தூசி கொட்டியது. மாடம் ஒரு விரற்கடை மேலே எழுந்தது. எப்சிபா தோளை மெல்லக் கீழிறக்கி, குனிந்து, வெளியே வந்தாள். மாடத்தைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"நில்லு."

நின்றது.

பள்ளத்தாக்கில் ஆறு, ஜெப நேரம் என்பதையும் மறந்து, ஓவென்று சத்தம் போட்டது.

"இந்த இடத்தை என்ன செய்வது?" என்று பாதிரியார் காலியான தரையைக் காட்டிக் கேட்டார்.

"காலியாவே இருக்கட்டும். கூட்டி மட்டும் வைங்க" என்றாள் எப்சிபா.

வழியனுப்ப எல்லாரும் விமான நிலையத்துக்கு வந்தார்கள். ஏரியும் வந்தது. திரவம் என்பதால் உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தது.

கடவுச்சீட்டு பார்க்கும் கூடம் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. எங்கள் முறை வந்தபோது, மீசை வைத்த அதிகாரி தலை நிமிராமல் எப்சிபாவைக் கேட்டார்.

"எதற்காக வந்தீர்கள்?"

"சுத்திப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள் அவள். "நிக்கும்படி ஆயிருச்சு."

அதிகாரி நிமிர்ந்து அவள் தோள்களைப் பார்த்தார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார். பக்கத்துச் சன்னல்காரர்களும் எழுந்தார்கள். வரிசையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்தார்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்?"

"இவங்க வீட்டுக்காரர்" என்றேன். என் வாழ்நாளில் எதையும் நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. கூடத்தின் கடைசிவரை அது போய்விட்டுத் திரும்பி வந்தது.

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்காகத் தனியாக ஒருமுறை எழுந்து நின்றார்.