அண்ணிக்குப் புரிந்த கேள்வி

எதற்கெடுத்தாலும் பிறரைச் சந்தேகிக்கும் மனநிலையை அளக்கிற கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கியிருந்தாள், மனநல ஆராய்ச்சி செய்யும் நாத்தனார். ஆய்வுக்கு எடுத்துப் போகுமுன் வாக்கியங்கள் எல்லோருக்கும் புரிகின்றனவா என்று பார்க்க, துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் வாசித்துக் காட்டினாள்.

“‘நான் உள்ளே நுழைந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.’ இது புரியுதா அண்ணி?”

“நல்லாப் புரியுது. நீயும் அத்தையும் தினமும் செய்றதுதானே?”

அண்ணி குத்திக்காட்டவில்லை, தலையணை உறையை உதறிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். நாத்தனாருக்குக் காது மடல் சுட்டது. அன்று காலைகூட அம்மாவோடு சேர்ந்து அண்ணியின் சமையலைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, காலடிச் சத்தம் கேட்டதும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள்.

“இதுக்கு ஆமான்னு சொன்னா எனக்கு வியாதியா?” என்று கேட்டாள் அண்ணி.

“இல்ல அண்ணி. உங்களைப் பத்தித்தான் பேசினோம். நான் பேசியிருக்கக் கூடாது.”

“தெரியும்” என்றாள் அண்ணி. தலையணை உறையை மடித்து வைத்துவிட்டு, “சரி, அடுத்ததைப் படி” என்றாள்.

நாத்தனார் அடுத்த வரியை மனதுக்குள் படித்துப் பார்த்தாள். தலை நிமிராமலே தாளை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டாள்.