தொப்பியா, ட்ரோன்யெமா

தெற்கிலிருந்து வந்த காலை ரயில் ஊரை நெருங்க நெருங்க, கண்டக்டர் இங்கெப்ரிக்டுக்குக் கோபம் ஏறியது. இருபத்திரண்டு வருஷமாக, கடைசி வளைவில் பெட்டி பெட்டியாக நடந்து "ட்ரோன்யெம்!" என்று ஊர்ப் பெயரைக் கத்திப் பிழைத்தவன். கடவுள் மூளையில் குறைத்ததையெல்லாம் தொண்டையில் கொடுத்துவிட்டார் என்பாள் மனைவி. அவனும் மறுத்ததில்லை.

புத்தாண்டிலிருந்து அந்தப் பெயர் செல்லாது. தலைநகரத்தில் உட்கார்ந்து, பழைய அரசர் காலத்து 'நிடாரோஸ்' என்பதைத் தூசு தட்டிச் சூட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று ஊரே ஓட்டுப் போட்டது, யார் கேட்டார்கள்? மூன்று நாள் தொண்டைக்கட்டு என்று ஏய்த்தான். இன்று மேற்பார்வையாளர் ரிங்வோல்ட் கூடவே ஏறியிருந்தார்.

"புதுப் பேரைக் கத்து. இல்லேன்னா தொப்பியைக் கழட்டிக் குடு."

"நிடாரோஸ்னா என்னங்க ஐயா?"

"நிட் ஆத்து முகத்துவாரம்."

"ஆறு கடல்ல சேர்றது எங்களுக்குத் தெரியாதா? எங்க பேரு மனுஷங்க பேரு. ட்ரோண்டர்களோட, இந்த மண்ணு ஜனங்களோட வீடு."

"அது நம்மள ஆண்ட டேனிஷ்காரன் எழுதிவச்ச எழுத்துய்யா."

"எழுத்து அவனோடதா இருக்கட்டும். வாய் எங்கம்மா குடுத்தது."

ஜன்னலோரம் பாலாடைக்கட்டி கடித்துக்கொண்டிருந்த மீன்காரி பெரெட் நிமிர்ந்தாள். "நிடாரோஸாம்! மத்தி டப்பாவுல ஒட்டுற பேரு. விடாதப்பா, இங்கெப்ரிக்ட்!"

"ஐயா பொறந்தது எங்கே?" என்றான் அவன்.

"கிறிஸ்டியானியா," என்றார் ரிங்வோல்ட், யோசிக்காமல்.

பெட்டியே சிரிப்பில் வெடித்தது. தலைநகரமான அந்த ஊரின் பெயரையே ஓஸ்லோ என்று மாற்றி ஐந்து வருஷமாகிறது.

"அப்படி ஒரு ஊரே இல்லையே ஐயா! வண்டி மாறி ஏறிட்டீங்களா?" என்றாள் பெரெட்.

ரிங்வோல்டின் காது சிவந்தது. இங்கெப்ரிக்டும் சிரிக்கத்தான் போனான்; அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பறிகொடுத்த முகம். இரக்கம் வந்தது, வந்த வேகத்தில் கோபத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"உங்ககிட்டயும் பிடுங்கிட்டாங்க. வலி தெரிஞ்சவர்தானே? அப்புறம் எங்ககிட்ட பிடுங்க நீங்களே வர்றீங்களே, வெக்கமா இல்ல?"

ரிங்வோல்ட் கையை நீட்டினார். "தொப்பி."

இங்கெப்ரிக்ட் கழற்றி அந்தக் கையில் அறைந்தான். வழுக்கைத் தலையோடு முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை நடந்து, கண்ணாடி அதிர, ஒவ்வொரு வாசலிலும் கத்தினான். "ட்ரோன்யெம்! ட்ரோன்யெம்!"

இறங்குகிறவர்களும் திருப்பிக் கத்தினார்கள். அவனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நடைமேடையில் இறங்கியதும் பனி உச்சந்தலையில் விழுந்தது. கோபம் துளியும் ஆறவில்லை.