எதிரணியின் ஒன்பதாம் எண்

வெளிநாட்டுக் கிளப்பில் கால்பந்து ஆடப் போகிறேன் என்றதும் ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. வந்து இரண்டு சீசன் ஆகிறது. இங்கே நான் பார்க்கிற வேலையைச் சொன்னால் வாயால் சிரிக்க மாட்டீர்கள்.

வாராவாரம் கோச் ஒரு வீடியோ தருவார். அடுத்து மோதப்போகிற அணியில் கோல் போடுகிற ஒன்பதாம் எண்காரி எப்படி ஓடுகிறாள், எந்தக் காலால் அடிக்கிறாள் என்று பார்த்து, பயிற்சியில் நான் அவளாகவே ஆட வேண்டும். எங்கள் தடுப்பாட்டக்காரிகள் என்னை மறித்து மறித்துப் பழகிக்கொண்டு, சனிக்கிழமை அசல்காரியை மடக்கிப்போடுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவேன். அச்சு அசலாக அவளேதான் என்று கோச் எல்லார் முன்னாலும் புகழும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிவியில் எப்போது வருவாய் என்று அம்மா போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒப்பந்தமும் முடியப்போகிறது. கடைசி ஆட்டத்திலாவது இறக்கிவிடுங்கள், ஒரு கோல் போட்டால்தான் வேறு கிளப் என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று கோச்சிடம் மானத்தை விட்டுக் கெஞ்சினேன். பாவப்பட்டு, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இறக்கிவிட்டார்.

பந்து வந்தது. எதிரே கீப்பர் மட்டும்தான். இந்த மாதிரி நேரத்தில் இடது கால் நுனியால் பந்தை அள்ளி, கீப்பர் தலைக்கு மேலே போடுவேன். ஊரில் எனக்குப் பட்டப்பெயரே 'கரண்டி'. அன்றைக்கு வலது கால், போன வாரத்துக்காரி மாதிரி உள்ளே வெட்டப் போனது. உடம்போ அதற்கு முந்தின வாரத்துக்காரி மாதிரி வெளியே சாய்ந்தது. இடையில் நான் மரம் மாதிரி நின்றேன். கீப்பர் சாவகாசமாக வந்து என் காலடியில் கிடந்த பந்தைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

மறுநாள் கோச் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனால், காப்பி கொடுத்து உட்காரவைத்தார். இன்னும் ஒரு வருஷம் இரு, அதே வேலைதான் என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

"உன்ன மாதிரி இதச் செய்ய வேற ஆளே கிடையாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று அறைக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். என்ன வேலை என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கேட்டதும் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

"பாத்தியாடி, உன்ன விட அவங்களுக்கு மனசே வரல."

"ஆமாம்மா."

கையெழுத்துப் போடாமல் வேறு கிளப்பில் போய்க் கேட்டிருக்கலாம். உன் ஆட்டத்தைக் காட்டு என்பார்கள். எதைக் காட்டுவது? என்னிடம் இருப்பதெல்லாம் அடுத்தவர்கள் ஆட்டத்தின் வீடியோ. கோச்சின் அறைக்குத் திரும்பிப் போய், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.