நானூற்றெண்பது கிரெய்ன்

தராசில் நானூற்றெண்பது என்று எண் வந்து நின்றதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. தோட்டா மருந்து நிறுக்க என் கணவர் டுவெய்ன் வைத்திருக்கும் குட்டித் தராசு அது. அதன்மேல் என் அம்பு குறுக்கே கிடந்தது. முன்னால் மாட்டியிருந்த கத்திமுனை மட்டுமே நூற்றைம்பது கிரெய்ன், ஏறக்குறைய பத்து கிராம். போன வருஷத்து அம்பு முழுசாகவே முந்நூற்றைம்பதுதான்.

"இது அம்பா கடப்பாரையா, மார்லிஸ்? பாதி வழியிலயே களைச்சுப் போய் உக்காந்துக்கும்" என்றார் டுவெய்ன், வாயில் மான்கறி சாசேஜோடு.

"போய்ச் சேர்ந்தா உள்ள இறங்கும்ல? அது போதும்."

"முப்பது கஜத்துல வந்து நின்னா? கையாட்டி வழியனுப்பி வைப்பியா?"

"ஆமா, வைப்பேன். இருபதுக்குள்ள வந்தாத்தான் விடுவேன்."

அவருக்கு இது விளங்காது. அவர் எழுபது பவுண்டு வில்லை விளையாட்டாக இழுப்பவர். அவர் தையல் ஊசியை விட்டாலும் மானைத் துளைத்துக்கொண்டு போகும். தோள் அறுவைக்குப் பிறகு நான் இழுப்பது நாற்பத்திரண்டுதான். போன நவம்பரில் அவர் பேச்சைக் கேட்டு, பட்டதும் விரிகிற முனை மாட்டிய இலேசான அம்பை விட்டேன். விரிவதிலேயே அதன் வேகமெல்லாம் செலவாகிவிட்டது. தோள் எலும்பில் பட்டு நாலு விரல் ஆழம்கூட இறங்கவில்லை. இரண்டு நாள் ரத்தத் துளிகளைத் தேடி நடந்தோம். ஒன்பதாம் நாள் காக்கைகள்தான் அந்த மானைக் காட்டிக் கொடுத்தன. வண்டியில் உட்கார்ந்து அழுதேன். இன்னொரு மானை அப்படித் தவிக்க விட்டால் வில்லை விற்றுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். டுவெய்னிடம்கூட அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை, இருட்டு பிரியும் முன்பே ஓக் மரத்துப் பரணில் ஏறி, விழாமலிருக்க வார்களை மாட்டிக்கொண்டேன். கீழே டுவெய்னின் சித்தப்பா அறுத்து முடித்த சோளக் காடு. கயிறு கட்டி வில்லை மேலே இழுத்து, கைக்குத் தட்டுப்பட்ட முதல் அம்பை நாணில் பூட்டினேன். வில்லோடு மாட்டியிருக்கும் அம்புக்கூட்டை வருஷா வருஷம் டுவெய்ன்தான் அடுக்கித் தருவார். நான் அவருக்கு ரொட்டி கட்டித் தருவேன். எங்கள் கொஞ்சலெல்லாம் அவ்வளவுதான்.

ஏழு மணி வெயிலில் ஒரு பெண்மான் சருகைச் சிதறடித்துக்கொண்டு ஓடிற்று. அதன் பின்னாலேயே ஓர் உறுமல். எட்டுக் கிளைக் கொம்போடு கலைமான் ஒன்று வெளியே வந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பரணில் உட்காருகிறேன், இன்னும் அந்த நொடியில் காதுக்குள்ளேயே இதயம் அடிக்கிறது. எத்தனை சந்தோஷம் அது! வில்லைத் தூக்கினேன். அம்பின் நுனியில், விரிகிற முனையை மடக்கிப் பிடிக்கும் சிவப்பு ரப்பர் வளையம் தெரிந்தது.

போன வருஷத்து அம்பு.

அடப்பாவி டுவெய்ன்! இறகு எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள். ஒருவேளை மான் தூரத்தில் நின்றால் உதவுமே என்று ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார், அதுவும் முதல் இடத்தில். வில்லில் குறிபார்க்கும் முள்ளையோ கனத்த அம்புக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்தேன். இதை விட்டால் எங்கே போய்ப் படுமோ!

மான் தலை ஒரு மரத்தின் பின்னால் மறைந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் வெட்டவெளி. பழைய அம்பைக் கழற்றி மடியில் கிடத்தினேன். கனத்ததை உருவி நாணில் அழுத்தியபோது 'க்ளிக்' என்றது. மான் நின்றுவிட்டது. காதுகள் என் பக்கம் திரும்பின. நான் மூச்சுவிடவில்லை. மூக்கு அரித்தது, அரிக்கட்டும் என்று இருந்தேன். எவ்வளவு நேரமோ, வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு அது நாலு எட்டு வைத்தது. நான் காலடியால் அளந்து வைத்திருந்த பட்டுப்போன பிர்ச் மரத்தருகே, பதினெட்டு கஜத்தில், பக்கவாட்டில் நின்றது. இழுத்தேன். தோளுக்குப் பின்னே குறிவைத்து விட்டேன்.

ஈரச் சாக்கைத் தட்டியது போல ஒரு சத்தம். மான் துள்ளிப் பாய்ந்தது. புதருக்குள் கிளைகள் முறிந்தன. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

அரைமணி நேரம் இறங்கக் கூடாது. அவசரப்பட்டுப் பின்னால் போனால், படுத்த மானும் எழுந்து ஓடிவிடும். சிரிப்பை வேறு அடக்க முடியவில்லை. கைபேசியை எடுத்து டுவெய்னுக்குச் செய்தி தட்டினேன்: "உன் அம்பு என் மடியில இருக்கு. வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

உடனே பதில் வந்தது: "அப்போ உன்னோடது எங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். மானைத் துளைத்து, அது நின்ற இடத்தையும் தாண்டி, என் அம்பு சருகில் சாய்வாகக் குத்தி நின்றது. ரத்தத்தில் நனைந்த இறகுகளில் மஞ்சள் எங்குமே தெரியவில்லை.