எருக்கம்பால்

வேலியோரம் எருக்கு ஆளுயரத்துக்கு நின்றது. ஊரெல்லாம் பிடுங்கி எறிகிற செடியை அவள் மட்டும் மெனக்கெட்டு வளர்த்தாள். எல்லாம் வெந்தயவரியன் பட்டாம்பூச்சிக்காக. அது எருக்கிலையில்தான் முட்டையிடும்; அதன் புழுவும் அந்த இலையைத்தான் தின்னும். தெருவே சிரித்தது. பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அன்று மதியம் உச்சிக் கிளைகளை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒடித்தால்தான் புழுவுக்குப் பிஞ்சு இலை துளிர்க்கும். கையெல்லாம் பால். அந்த நேரம் பார்த்து மகள் குருவி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, தூசி!"

பெற்றவள் கை சும்மா இருக்குமா? இடது கண்ணைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகுதான் விரலின் பிசுபிசுப்பு உறைத்தது.

குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, தன் கையைக் கழுவி, மகள் கத்தக் கத்தக் கண்ணையும் கழுவினாள். எரிச்சல் அடங்கியது. இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு" என்றாள் குருவி. ஐந்தைக் காட்டினாள். "அஞ்சு." அப்பாடா என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் வரை விரலைக் காட்டிக்கொண்டே இருந்தாள். குருவி ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. "போம்மா, போரடிக்குது" என்று சலித்துக்கொண்டதுதான் மிச்சம்.

எதிர்வீட்டு நர்ஸ் வேலை முடிந்து திரும்பியதும் வேலிக்கு ஓடி விஷயத்தைச் சொன்னாள்.

"எருக்கம்பாலா! வலி இல்லேன்னு சும்மா இருந்தியா? அது வலிக்காமலே பார்வையை மங்க வச்சிரும்டி. நல்ல கண்ணை மூடிட்டுத்தானே விரலைக் காட்டுனே?"

"இல்லியேக்கா... ரெண்டும் தொறந்துதான்..."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு நேரமும் நல்ல கண் சொன்ன பதிலைக் கேட்டுத்தான் நிம்மதியாக இருந்திருக்கிறாள். நர்ஸ் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ஓடினாள்.

இவள் மகளை விளக்கடியில் நிறுத்தி, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். இன்னொரு கையின் மூன்று விரல்களை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். குருவி இடது கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள்.

"எத்தனைன்னு சொல்லுடி, என் தங்கமே."

"கையைக் காட்டும்மா" என்றாள் குருவி. "காட்டாமலே கேட்டா எப்படிச் சொல்றது?"