கொட்டாவிக்குப் போட்ட பூட்டு

என் கொட்டாவி ஒரு தாயை அவமதித்துவிட்டது என்று அவளுடைய மகன் மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். அவசர அழைப்பு மையத்தில் பேசுவதெல்லாம் பதிவாகும். மேற்பார்வையாளர் வெண்டல் அந்தப் பதிவை என் எதிரிலேயே ஓடவிட்டார். இடுப்பு முறிந்த கிழவி பின்னால் கத்துகிறாள், மகன் முகவரி சொல்கிறார், நடுவில் நான் மாடு மாதிரி வாயைப் பிளக்கிறேன். எனக்கே என்னை அறையத் தோன்றியது.

"கொரீன், இன்னொரு தடவ இது கேட்டுச்சுன்னா உன்ன அந்த நாற்காலியில வச்சிருக்க என்னால முடியாது" என்றார்.

"தூக்கமில்ல வெண்டல். மூச்சு அடிவரைக்கும் போகமாட்டேங்குது. பாதியிலயே நின்னுடுது. அதான் கொட்டாவி."

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லையாம். நுரையீரல், ரத்தம், இதயம் எல்லாம் சரியா இருக்காம். குதிரைக்குக்கூட இவ்வளவு நல்ல ரிசல்ட் வராது."

டாக்டரம்மா நல்லவள்தான். "பெரிய மூச்சைத் துரத்தாதே, துரத்தினால் ஓடும். மூக்கால் மெல்ல இழு, உதட்டைக் குவித்து நீளமாக விடு. கொட்டாவி வந்தால் வரட்டும்" என்றாள். வரட்டுமாம்! அவள் என் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காரவில்லையே. நாங்கள் கேட்கும் முக்கியமான கேள்வியே "மூச்சு விடுறாரா?" என்பதுதான். ஒரு நாளைக்கு இருபது தடவை ஊராரைக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் என் நெஞ்சும் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, இல்லை என்கிறது.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கொட்டாவி கிளம்பும்போதே மியூட் பொத்தானைத் தட்டி லைனைப் பூட்டிவிடுவேன். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், என் சத்தம் அவர்களுக்குக் கேட்காது. முடிந்ததும் மறுபடி ஒரு தட்டு. ஒரு மாதம் இப்படியே ஓட்டினேன். பக்கத்து மேசை டெல்பா மட்டும் விடமாட்டாள்.

"இன்னிக்கு எத்தனை ஈ உள்ள போச்சுடி?" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் வந்துவிடும். கொட்டாவி ஒட்டுவாரொட்டி ஆயிற்றே.

நவம்பர் நடுவில், மான் வேட்டை தொடங்கிய வாரம், பிற்பகல் இரண்டேகாலுக்கு அந்த அழைப்பு வந்தது. ஓப்பல் ரைன்கி, எழுபத்தொரு வயது, ஏரிக்கு வடக்கே காட்டோரம் வீடு. கணவர் மெர்ல் சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தார்.

"மூச்சு விடுறாராம்மா?"

"இல்ல... இல்லியே. மூஞ்சி நீலமா ஆயிடுச்சு!"

ஆம்புலன்ஸ் போய்ச்சேரப் பதினான்கு நிமிடம். அதுவரை ஓப்பலின் கைகள்தான் அவருக்கு இதயம். "போன ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வைங்க. ரெண்டு கையையும் அவர் நெஞ்சு நடுவுல வைங்க. பலமா அழுத்துங்க. நான் எண்ணுறேன், என்கூடவே அழுத்துங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு..."

விடாமல் எண்ணுவதற்கு மூச்சு வேண்டும். நான்காம் நிமிடத்தில் என் மூச்சு பாதியில் முட்டி நின்றது. தாடை தானாகத் திறக்க ஆரம்பித்தது. பொத்தானைத் தட்டினேன். கொட்டாவி வந்தது, ஆனால் முடியவில்லை, உச்சியில் சிக்கிக்கொண்டது. ஒருவழியாக விழுங்கிவிட்டு, அவசரமாக மறுபடி தட்டி எண்ணத் தொடங்கினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"ஹலோ? இருக்கீங்களா? ஐயோ, போயிட்டாங்களே!" என்று ஓப்பல் அழுதாள்.

மியூட்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவசரத்தில் விரல் ஒன்றுக்கு இரண்டாகத் தட்டியிருக்கிறது, திறந்த லைன் உடனே மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறது. நான் சுவருக்கு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பக்கம் அழுத்தும் சத்தம் நின்றுபோயிருந்தது.

திறந்தேன். "இருக்கேன்! அழுத்துங்க! ஒண்ணு, ரெண்டு..." அடுத்த கொட்டாவி வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அவள் காதிலேயே விட்டேன்.

"என்ன சத்தம் அது?"

"கொட்டாவிம்மா. எனக்கு மூச்சுக் கோளாறு. அலட்சியம் இல்ல, சத்தியமா. நிறுத்தாதீங்க. மூணு, நாலு..."

"எத்தனை வேணா விடு தாயி. போயிடாத, அது போதும்."

இன்னும் நான்கு விட்டேன். பூட்டைத் தொடவில்லை. ஒருவழியாகக் கதவு திறந்து ஆம்புலன்ஸ்காரர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஓப்பல் மூச்சிரைக்கச் சொன்னாள்: "நடுவுல நான் நிறுத்திட்டேனே... அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அதனாலதானா?"

பதில் சொல்வதற்குள் யாரோ போனை எடுத்து வைத்துவிட்டார்கள்.

வெண்டல் பதிவைக் கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு என் அருகில் உட்கார்ந்தார். "பதினோரு நொடி உன் குரலே இல்ல. காட்டுப்பக்கம் லைன் அப்படித்தான். லைன் கோளாறுன்னு அறிக்கையில எழுதிடு. கொட்டாவிய நான் சமாளிச்சுக்கறேன்."

"லைன்ல கோளாறு இல்ல. நான்தான் பூட்டினேன்."

"அப்படி எழுதினா வேலை போயிடும், தெரியுமில்ல?"

"எழுதலன்னா? அந்தம்மா மிச்ச காலமெல்லாம் தான் நிறுத்தினதாலதான்னு தன் கையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

எனக்கு அழுகை வந்தது. ஆட்கள் பிழைத்தார்களா என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. மெர்ல் பற்றியும் தெரியாது. அறிக்கைப் படிவத்தை இழுத்து முதல் வரியை எழுதினேன்: திருமதி ரைன்கி நிறுத்தவில்லை, நிறுத்த வைத்தது நான்.