மூப்பர் பார்த்த தையல்

லெமுவல் டார்பாக்ஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புக் கோட்டில் கையால் போட்ட தையல் ஒன்றுகூட இல்லை. இதை அவன் பெல்டன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பொத்தானை எந்த எந்திரம் தைத்தது என்று மளிகைக்கடையில் ஒருத்தர் மடக்கியபோது, பொத்தான் வைப்பது தையலே இல்லை, அது கட்டு என்று அரைமணி நேரம் வாதாடினான். கடிகாரம் பழுது பார்க்கிறவனுக்கு வாய் மட்டும் பழுதில்லாமல் ஓடும்.

கோட்டைத் தைத்தது அவன் மூன்று குளிர்காலமாகத் தட்டித் தட்டிச் செய்த தையல் எந்திரம். அதை அவன் ஆரம்பித்ததே மனைவி கெஸையாவுக்காகத்தான். அவள் பாஸ்டன் கடைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். ஒரு சட்டைக்கு ஒரு முழு நாள் போகும். ஒரு தரம் அவள் விரல் வீங்கி, ரொட்டி பிய்க்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்தான். அன்றைக்கே இரும்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கெஸையாவுக்கு அந்த எந்திரத்தின் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. அதைச் செய்தவன் மேல் கொள்ளைப் பிரியம் இருந்தது.

சபை மூப்பர் ஹோபர்ட்டிடம் ஓடைக்கரையில் காலியாக ஒரு கொட்டகையும் தண்ணீர்ச் சக்கரமும் இருந்தன. ஆராதனை முடிந்ததும் வாசலில் கோட்டைப் பார்ப்பதாகவும், திருப்தியாக இருந்தால் எந்திரம் ஓட்டக் கொட்டகையைத் தருவதாகவும் அவர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் எந்திரத்தைக் கொல்லனிடம் போட்டுவிட்டுக் கடிகாரத்தோடு கிடப்பதாக லெமுவல் மனைவியிடம் சத்தியம் செய்திருந்தான். அந்தச் சத்தியத்தை அவன் காப்பாற்றிவிடுவானே என்பதுதான் அவளுக்குப் பயம். எந்திரம் இல்லாத லெமுவலை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எந்திரம் போட்டது ஒற்றை நூல் சங்கிலித் தையல். பூவேலை செய்கிற பெண்களுக்கு அதன் குணம் தெரியும். கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டு நுனியை இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். மற்ற ஊர்களில் இரண்டு நூல் எந்திரம் வந்துவிட்டதாகக் கேள்வி என்று கெஸையா சொல்லிப் பார்த்தாள். ஒரு நூலே போதும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சனிக்கிழமை சாயங்காலம் கோட்டு முடிந்தபோது, நுனியையாவது பூட்டித் தருகிறேன் என்று ஊசியும் கையுமாக வந்தாள்.

"அப்புறம் அது கைத்தையல் ஆயிடும் கெஸையா. கிட்டவே வராதே."

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த ஊரில் ஞாயிறு ஓய்வுநாள் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடும்; அப்புறம் ஊசியைத் தொடக்கூடாது. கறுப்பு நூல் கோத்த ஊசியைக் கோட்டின் கழுத்துப்பட்டிக்கு அடியில் செருகியவள், எடுத்து வைக்க மறந்தே போனாள்.

ஆலயத்தில் வழக்கமான மூன்றாம் வரிசை. குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு, அதற்கு ஒரு சின்னக் கதவு. லெமுவல் கடைசியாக நுழைந்து கதவைச் சாத்தினான். பிரசங்கம் முழுக்க நிலைகொள்ளாமல் நெளிந்தான். பிறகு ஞானப்பாட்டுக்கு எழுந்தார்கள். பெல்டனில் பாடகர்கள் இருப்பது பின்பக்க மேல்மாடத்தில். பாட்டு தொடங்கியதும் சபை முழுதும் பிரசங்க மேடைக்கு முதுகு காட்டி, அவர்கள் பக்கம் திரும்பி நிற்கும்.

லெமுவல் திரும்பியபோதுதான் கெஸையா பார்த்தாள். கதவின் கொக்கியில் ஒரு கறுப்பு நூல் மாட்டியிருந்தது. அதன் மறுமுனை கணவன் முதுகில் இருந்தது. இடுப்புக்குக் கீழே கோட்டு எப்படியும் பிளவுதான், கவலையில்லை. ஆனால் இடுப்பிலிருந்து மேலே ஒரு சாண் வாய் பிளந்திருந்தது. உள்ளே, மாவுச் சாக்கில் வெட்டி அவள் ஒட்டுப்போட்ட சட்டை பல்லிளித்தது.

அடுத்த நொடி அவள் கை தானாக அவன் கழுத்துப்பட்டிக்குப் போயிற்று. ஓய்வுநாள், அதுவும் ஆலயத்துக்குள். ஆண்டவரே, இவருக்காக இந்த ஒரு தடவை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். போதகர் குனிந்து தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் மேல்மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, அசையாம நில்லுங்க," என்று அவன் காதருகே முணுமுணுத்தாள்.

ஐந்து சரணம், இழுத்து இழுத்துப் பாடுகிற ராகம். முதலில் ஓடிக்கொண்டிருந்த கண்ணியைப் பூட்டினாள். பிறகு மேலிருந்து கீழாகப் பொடித்தையல். ஆமென் வரும்போது நூலைப் பல்லால் கடித்தாள்.

வாசலில் மூப்பர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு லெமுவலைத் திருப்பி நிறுத்தினார். கோட்டைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. தோள், கை என்று தடவிக்கொண்டே வந்தவரின் விரல் முதுகில் அந்த ஒரு சாணில் நின்றது.

"மத்த இடம் சுமார்தான். இந்த இடம் பிரமாதம். இதுவும் உன் எந்திரம் போட்டதுதானே?"

ஆமாம் என்ற ஒரு சொல்லுக்கு ஓடைக்கரைக் கொட்டகை கிடைக்கும். அவன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் கெஸையாவுக்கு இருந்தது, சொல்லக்கூடாது என்றும் இருந்தது.

லெமுவல் தலையைக் குனிந்தான். "இல்லீங்க. அது என் பொண்டாட்டி கை. என் எந்திரம் போட்டது பிரிஞ்சு போச்சு." கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவன் நிறுத்தவில்லை. "பதினோரு வருசமா அவ தையலைத்தான் உடுத்தறேன். அதை இன்னொண்ணு போட்டதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

"தெரியும்," என்றார் மூப்பர். "பாட்டுக்கு நீங்க எல்லாரும் திரும்பிடறீங்க. மேடைக்குக் கீழே மூப்பர்களோட பெஞ்சு எந்தப் பக்கம் பாத்துப் போட்டிருக்கு?"

பெஞ்சு சபையைப் பார்த்துத்தான் போட்டிருந்தது. அவர் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

"ஓய்வுநாள்ல ஊசி எடுத்ததுக்கு நீ ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேளும்மா. நானும் கேட்கணும். உன் கையையே பாத்துக்கிட்டு இருந்ததுல அஞ்சு சரணத்துல ஒரு வார்த்தை என் காதுல விழலை." கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "பிரியற தையலுக்குக் கொட்டகை கிடையாது லெமுவல். பிரியாததைக் கொண்டா. அறுவடை வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

வீட்டில் ஆறிப்போன பீன்ஸைத் தின்றுவிட்டு இருவரும் பொழுது சாயக் காத்திருந்தார்கள். ஓய்வுநாள் முடிந்ததும் லெமுவல் எந்திரத்தின் அடித்தட்டைக் கழற்றிப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ரெண்டாவது நூலை எங்கேருந்து கொண்டு வர்றது?"

"அடியிலேருந்து," என்றாள் கெஸையா. "மேல் நூல் இறங்கற இடத்துல அது வந்து பிடிச்சுக்கணும். தனியா விட்டா ஓடிடும்."

அவன் தலையாட்டினான். இத்தனை நாள் காதில் போட்டுக்கொள்ளாதவன், முதல் தரமாகக் காகிதம் எடுத்து எழுதிக்கொண்டான். அவள் கோட்டை மடியில் போட்டு, தன் தையலைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தாள். புது எந்திரம் வந்ததும் முழுக்கவும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

லெமுவல் கோட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

"மூப்பருக்குக் காட்ட வேற கோட்டு தைக்கிறேன். இது நான் போட்டுக்கறது."